முதல் காமிக்ஸ்: யார் கையில் எதைக் கொடுப்பது?

ஐப்பசி அடைமழைக்குக் கோத்தகிரியில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகளுக்குப் போக்கிடம் கிடையாது. வெளியே மேகம் இறங்கி நிற்கும், உள்ளே கரண்ட் இருக்காது, போனில் சார்ஜும் தீர்ந்திருக்கும். அப்படி ஒரு நாளில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றான். பன்னிரண்டு வயது. "படிக்க ஏதாவது இருக்கா அண்ணா?"

இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷம் காமிக்ஸ் சேர்த்து வைத்தவன் போல அலமாரிக்கு ஓடினேன். எடுத்துக் கொடுத்தது இரும்புக்கை மாயாவி. என் பத்து வயதில் என் தூக்கத்தைக் கெடுத்த ஆள். 1972-ல் தமிழ்க் காமிக்ஸ் வெளியீடான முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். பையனுக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

மறுநாளே புத்தகம் திரும்பி வந்தது, நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி. "நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

கோபம் வந்தது. ராத்திரி நானே எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அந்தக் கதை 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்தது. போன வாரம் என்ன நடந்தது என்று தொடக்கத்தில் நினைவுபடுத்த வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஆளை ஆபத்தில் தொங்கவிட வேண்டும். அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டினால் சில பக்கங்களுக்கு ஒருமுறை கதை மூச்சு வாங்கும். நமக்கு அந்த வயதில் அதுவே ருசியாக இருந்தது. ஒரு வெப் சீரிஸை ஒரே இரவில் பார்த்து முடிக்கிற பையனுக்கு இருக்காது.

அன்றிலிருந்து ஒன்றை விட்டுவிட்டேன்: என்னைக் காமிக்ஸ் பைத்தியமாக்கிய புத்தகத்தை இன்னொருவருக்கு முதல் புத்தகமாகக் கொடுப்பதில்லை. அப்புறம் பலருக்குக் கொடுத்து, சிலரிடம் மூக்குடைபட்டு, எனக்கென்று ஒரு வழிமுறை அமைந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஆளை விசாரியுங்கள்

"உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். படிக்கும் பழக்கம் இல்லாதவர் கூச்சப்பட்டு எதையாவது சொல்வார். "கடைசியாக எழுந்து போகாமல் பார்த்த படம் எது?" என்று கேளுங்கள். பதில் பட்டென்று வரும், அதில் பாதி வேலை முடிந்துவிடும். பேய்ப் படமா, போலீஸ் படமா, வடிவேலு காமெடியா என்று தெரிந்தால் அலமாரியில் எந்தத் தட்டுக்குக் கை போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது எழுத்து. இங்கே மலையில் இது கொஞ்சம் சிக்கல். வீட்டில் படுகு பேசுவார்கள், அல்லது மலையாளமோ கன்னடமோ. கடைத்தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தமிழ் சரளமாகப் பேசுகிற பிள்ளை தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிப்பதும் உண்டு. இங்கிலீஷ் மீடியம் என்று சொல்கிற பையன் இங்கிலீஷில் அதைவிட மோசமாக இருப்பதும் உண்டு. சான்றிதழை நம்ப வேண்டாம். பேச்சுவாக்கில் காமிக்ஸில் பேச்சு எழுதியிருக்கும் கூடு, அதாவது பலூன், ஒன்றைக் காட்டி "இதுல என்ன போட்டிருக்கு, கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். எனக்கு நிஜமாகவே வெள்ளெழுத்து என்பதால் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உதடு அசையாமல் எந்த எழுத்து ஓடுகிறதோ அந்த மொழியில் கொடுங்கள். தமிழை வளர்க்கும் கடமையை இரண்டாவது புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் உட்காருவார் என்பது. நான் வைத்திருக்கும் அளவுகோல் மேட்டுப்பாளையம் பஸ். கோத்தகிரியில் ஏறி அடிவாரத்தில் இறங்குவதற்குள் முடிகிற கதையாக இருந்தால் முதல் புத்தகத்துக்குச் சரி. (வளைவுகளில் படித்தால் குமட்டும். அளவுக்குச் சொன்னேன், அங்கே வைத்துப் படிக்கச் சொல்லவில்லை.)

இரண்டாம் படி: படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள்

படம் இருப்பதால் காமிக்ஸ் யாருக்கும் தானாகவே புரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. எந்தக் கட்டத்துக்கு அப்புறம் எந்தக் கட்டம், ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் முதலில் யார் பேசுகிறார், வால் உள்ள பலூனுக்கும் குமிழ் குமிழாக இறங்கும் பலூனுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் சின்ன வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நமக்கு வந்தவை. ஐம்பது வயதில் முதல்முறை காமிக்ஸைத் திறக்கிறவருக்கு ஒரு பக்கம் என்பது சுவரில் மாட்டிய கல்யாண ஆல்பம் மாதிரி. எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதை வெளியே சொல்லவும் மாட்டார். "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று மூடி வைத்துவிடுவார்.

எனக்கு இது புரிந்தது ஒரு பாட்டியால். எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கிறார். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் மலையேறி, ரிட்டயர் ஆகிற வரைக்கும் கொழுந்து பறித்தவர். கையெழுத்துப் போடுவதோடு சரி, படிக்க வராது. ஒருநாள் என் மேஜையில் ஷான் டானின் 'தி அரைவல்' கிடந்தது. 2006-ல் வந்த புத்தகம். ஊரை விட்டுத் தெரியாத தேசத்துக்குப் போகிற ஒரு மனிதனின் கதை. கதைக்குள் வாசித்துத் தெரிந்துகொள்ள ஒரு சொல்கூடக் கிடையாது, எல்லாம் பென்சிலில் வரைந்த பழைய போட்டோ மாதிரியான படங்கள்.

முதல் பக்கத்தில் ஒன்பது கட்டங்கள். காகிதத்தில் மடித்த பறவை, கடிகாரம், தொப்பி, பாத்திரம், குழந்தை வரைந்த படம், கேத்தல், கோப்பை, பெட்டி, குடும்பப் படம். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொருளாகப் பார்த்தார், கடை விளம்பரத்தைப் பார்ப்பது போல. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் இரண்டு கைகள் அந்தக் குடும்பப் படத்தைச் சுற்றிக் கட்டிப் பெட்டியில் வைக்கின்றன. பாட்டியின் விரல் அங்கே நின்றது. முன்பக்கத்தைத் திருப்பினார். "இந்தக் கேத்தலும் அந்தப் பொட்டியும் ஒரே வீட்டுதா தம்பி?" ஆமாம் என்றேன். "அப்ப இவுங்க பயணம் போறாங்க."

அந்த இரண்டு பக்கங்களுக்குள் அவர் காமிக்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் நடப்பதை வாசகர்தான் இட்டு நிரப்புகிறார் என்று ஸ்காட் மெக்லௌட் என்ற காமிக்ஸ் ஓவியர் 1993-ல் ஒரு காமிக்ஸாகவே வரைந்து விளக்கியிருக்கிறார். பாட்டி அதைப் படிக்கவில்லை. துறைமுகத்தில் இறங்கியவனைக் கண்ணைப் பார்த்து, வாயைப் பார்த்து, சட்டையில் சீட்டுக் குத்துகிற பக்கம் வந்ததும், "மண்டபத்துலயும் இப்பிடித்தான் வரிசையில நிக்க வச்சாங்க" என்றார். மேகங்களை மட்டும் குட்டிக் குட்டிக் கட்டமாகப் போட்டு நாட்கள் கழிவதைக் காட்டும் பக்கத்தில்தான் ரொம்ப நேரம் இருந்தார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே, முதல் இரண்டு பக்கங்கள் கூடவே உட்காருங்கள். விரலையோ கண்ணையோ கவனியுங்கள். தப்பான கட்டத்துக்குத் தாவினால் உடனே திருத்தாதீர்கள். மூன்று முறை தாவினால் குறை அவரிடம் இல்லை, அந்தப் பக்க அமைப்பு முதல் வாசகருக்கு ஆகாது. வேறு புத்தகம் எடுங்கள்.

மூன்றாம் படி: நடுவில் திறந்து சோதியுங்கள்

அட்டையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அட்டைக்கென்று தனி ஓவியர் வரைவது உண்டு, உள்ளே வேறு கை இருக்கும். புத்தகத்தை நடுவில் பிரியுங்கள்.

கட்டங்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஆறிலிருந்து எட்டு என்றால் வசதி. கேப்டன் டைகர் என்ற கௌபாய் கதைகளில் சில பக்கங்களில் பத்தைத் தாண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் தூசி, குதிரை, மலை என்று நுணுக்கி நுணுக்கி வரைந்திருப்பார் ஜான் ஜிரோ. பழகிய கண்ணுக்கு விருந்து, புதுக்கண்ணுக்குத் தலைவலி. மாறாக இன்னொரு கௌபாயான டெக்ஸ் வில்லரின் பக்கம் ஒரு பாத்தி கட்டின தோட்டம்: மூன்று வரிசை, வரிசைக்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம், கறுப்பு வெள்ளை. 1948 முதல் இத்தாலியில் வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அடுத்து எங்கே போவது என்ற குழப்பமே வராது.

அப்புறம் பலூன். ஒரு பலூனில் நாலு வரிக்கு மேல் அடைத்திருந்தால் யோசியுங்கள். தமிழில் இது இரண்டு மடங்கு முக்கியம். நம் சொற்கள் நீளம். பிரெஞ்சுக்காரனும் இத்தாலியனும் தன் மொழிக்கு அளந்து போட்ட பலூனுக்குள் தமிழைத் திணிக்கும்போது எழுத்து சிறுத்துப்போகும். மங்கலான மழைக்கால வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

மூன்றாவது, கதை அந்தப் புத்தகத்திலேயே முடிகிறதா? காமிக்ஸ்காரர்கள் இதை 'ஒன்ஷாட்' என்பார்கள். "தொடரும்" என்று முடிகிற புத்தகத்தை முதல் புத்தகமாகக் கொடுப்பது, சோற்றைப் போட்டுக் குழம்பை அடுத்த மாதம் ஊற்றுவது மாதிரி. 'இரத்தப் படலம்' எனக்கு உயிர். நினைவிழந்த ஒருவன், உடம்பில் குத்திய பதின்மூன்று என்ற ரோமன் எண், அதைப் பிடித்துக்கொண்டு தான் யார் என்று தேடிப் போவது. ஆனால் பாகம் பாகமாக நீள்கிற கதை. பல பாகங்களைச் சேர்த்துக் கட்டிய தலையணை சைஸ் புத்தகத்தை என் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். நிஜமாகவே தலைக்கு வைத்துக்கொண்டார்.

வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பதில் நான் அலட்டிக்கொள்வதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வண்ணம். மற்றவர்கள் மூன்றாம் பக்கத்தில் மறந்துவிடுவார்கள்.

நான்காம் படி: யாருக்கு எது

ஏழு எட்டு வயதுக்கு நாலைந்து பக்கத்தில் முடிகிற துண்டுக் கதைகள் போதும். 1980-ல் தொடங்கிய டிங்கிள் என்ற சிறுவர் பத்திரிகையில் வருகிற சுப்பாண்டி இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்கு நல்ல ஆரம்பம். வீட்டில் பழைய பூந்தளிர் சிறுவர் பத்திரிகைக் கட்டு ஏதாவது பரணில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வாலை நீட்டி வேலை செய்யும் குரங்கு கபீஷைக் கண்டு சிரிக்காத குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்து முதல் எழுபது வயது வரை, ஆள் யாரென்றே தெரியாமல் ஒரே ஒரு புத்தகம் எடுக்கச் சொன்னால், லக்கி லூக். யோசிக்கவே மாட்டேன். மோரிஸ் 1946-ல் உருவாக்கிய கௌபாய். 1955-லிருந்து கோஸினி கதை எழுதத் தொடங்கியதும் தொடர் வேறு உயரத்துக்குப் போனது. ஒரு புத்தகம் நாற்பத்துச் சொச்சம் பக்கம், ஒரே கதை, பெரிய படங்கள். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற நாயகன், எகத்தாளம் பேசும் குதிரை, படிக்கட்டு மாதிரி உயர வரிசையில் நிற்கும் டால்டன் சகோதரர்கள் நாலு பேர், அதில் குள்ளனுக்குத்தான் கோபம் அதிகம். இதில் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பும் நம்மூர் நக்கலோடு ஓடும். மாயாவியைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பையனுக்கு அடுத்து இதைத்தான் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜெய்சங்கர் குதிரையில் வந்த படங்களைத் தியேட்டரில் பார்த்த தலைமுறைக்கு டெக்ஸ் வில்லர். நியாயம், துப்பாக்கி, பழிவாங்கல், அவ்வளவுதான். விளக்கமே தேவையில்லை.

கதை கேட்டு வளர்ந்த, ஆனால் படம் பார்த்துப் படித்துப் பழகாத பெரியவர்களுக்கு முன்பே தெரிந்த கதையைக் கொடுங்கள். 1967-ல் ஆனந்த் பாய் தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் இதற்குத் தோது. காமிக்ஸ் ரசிகர்கள் சிலர் அதை ஏளனமாகப் பார்ப்பார்கள், கட்டத்துக்குக் கட்டம் மேலே விளக்கம் எழுதியிருக்கும் என்று. அந்த விளக்கம்தான் இவர்களுக்குக் கைப்பிடி. கர்ணன் கதை தெரிந்தவருக்கு அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லை, கண் நிதானமாகப் படத்தில் உட்காரும். பொன்னியின் செல்வனும் சித்திரக்கதையாக வந்திருக்கிறது. நாவலை நாலு முறை படித்த டீச்சர் ஒருவர் அதை வாங்கி, "வந்தியத்தேவன் இப்படியா இருப்பான்?" என்று சண்டைக்கு வந்தார். சண்டைக்கு வந்தால் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

இலக்கியம் படிக்கிறவர்கள்தான் கஷ்டமான கூட்டம். காமிக்ஸ் என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்' வேலை செய்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். அதில் கட்டமே கிடையாது, அவர்கள் ஊர்ச் சுவர்க்கோல வடிவங்கள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. அன்பாகப் பேசுகிறவரின் பலூன் பறவை வடிவில் இருக்கும், சாதி வெறியைக் கக்குகிறவனின் பலூனுக்குத் தேள் கொடுக்கு. இந்த ஒன்றைக் காட்டினால் போதும், இலக்கியவாதி புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். இங்கிலீஷில் படிப்பவர் என்றால் ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையைச் சொல்லி 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கிய 'மௌஸ்', அல்லது ஈரானில் வளர்ந்த ஒரு பெண் தன் கதையைச் சொல்லும் 'பெர்செபோலிஸ்'. இரண்டும் கனமானவை. மனம் சரியில்லாத வாரத்தில் கொடுக்காதீர்கள்.

போனில் அனிமே பார்க்கிற பதினாறு வயதுகளுக்கு நாம் சொல்லித் தர ஒன்றுமில்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்வார்கள். ஒரே எச்சரிக்கை, பர்ஸைப் பாருங்கள். நருட்டோ என்ற ஒரு தொடர் மட்டும் எழுபத்திரண்டு புத்தகம். மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். என் நண்பர் ஒருவர் மகனுக்கு வாங்கிய மங்காவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, கொலைகாரன் முதலிலேயே தெரிந்துவிட்டது, இதென்ன கதை என்றார்.

ஐந்தாம் படி: மலைக்கு மேலே வரவழைப்பது

தமிழில் வரும் லயன், முத்து காமிக்ஸ் புத்தகங்கள் சிவகாசியிலிருந்து வருகின்றன. சந்தா கட்டினால் வீட்டுக்கே அனுப்புவார்கள். ஆனால் புது வாசகருக்காகச் சந்தா கட்டாதீர்கள். நாலாவது புத்தகம் வரும்போது ஆர்வம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஒன்றிரண்டு ஒன்ஷாட்களை மட்டும் தனியாக வாங்குங்கள். கோவைப் புத்தகத் திருவிழாவுக்கு இறங்கினால் கையில் புரட்டிப் பார்த்து, மூன்றாம் படியில் சொன்ன சோதனையைச் செய்து வாங்கலாம். பழைய ராணி காமிக்ஸுக்கு இணையத்தில் யானை விலை சொல்கிறார்கள். அது சேகரிப்பவர்களின் உலகம், அறிமுகத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆறாம் படி: கொடுக்கும் விதம்

இரண்டு புத்தகம் நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் நீட்டினால் அது வீட்டுப்பாடம். மாயாவியின் வரலாறு, சிவகாசியின் வரலாறு, நீங்கள் காசு சேர்த்து வாங்கிய கதை எதையும் சொல்லாதீர்கள் (எனக்கு இது மிகவும் கஷ்டம்). படித்தாயா என்று மூன்று நாளைக்குக் கேட்காதீர்கள். திரும்பி வரும்போது "எப்படி இருந்தது?" என்பதைவிட "எந்தப் படம் பிடிச்சுது, காட்டு" என்றால் பேச்சு வளரும். அவர் புரட்டிக் காட்டுகிற பக்கம்தான் அடுத்த புத்தகத்துக்கு வழி. சண்டைப் பக்கமா, சிரிப்புப் பக்கமா, யாரும் பேசாமல் மழை பெய்கிற பக்கமா என்று பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது முயற்சி நியாயம், மூன்றாவது தொல்லை.

இன்னும் ஒன்று, மலைக்காரர்களுக்கு மட்டும். ஆர்ட் பேப்பரில் அச்சான வண்ணப் புத்தகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரவல் கொடுத்து வாங்கினால் உடனே அலமாரியில் அடுக்காதீர்கள். ஒருநாள் நிற்க வைத்துப் பக்கம் பிரித்து உலரவிடுங்கள். தரையோடு ஒட்டிய தட்டும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். தை மாசத்து வெயிலில் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள், நேர் வெயில் படாமல். ஒட்டிப்போனதைப் பலமாக இழுக்கவே கூடாது. நான் இழுத்தேன். ஒரு லக்கி லூக் புத்தகத்தில் எட்டாம் பக்கத்துக் குதிரையின் தலை ஒன்பதாம் பக்கத்து வானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தேன். இப்போது தெருப் பிள்ளைகள் அதைத்தான் பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள்: "அண்ணா, அந்தத் தலையில்லாத குதிரைக் கதை இருக்கா?"